முதலில் பாடியவர்கள்

"இதில உன்ர குரல் எங்கை பிள்ளை இருக்கு?"

அம்மா இதைக் கேட்டபோது என்னுடைய பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கிவிட்டது. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் கசெற் பிளேயரை வைத்து, அடுப்பை அணைத்து, ஜன்னலையும் சாத்திவிட்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். நான் நாடாவைப் பின்னுக்கு ஓட்டி மறுபடியும் போட்டேன்.

"உதில, ஆர்மோனியத்துக்குப் பின்னால. கேக்கேல்லையோ?"

"ஆரோ அலுமாரிக்குள்ள நிண்டு பாடுற மாதிரிக் கிடக்கு," என்றார் அம்மா. "ரெயில் போற சத்தம் கூட வடிவாக் கேக்குது. உன்னைத்தான் காணேல்லை. நீ உண்மையாப் பாடினனியோ?"

கடைசிக் கேள்விதான் என்னைச் சுட்டது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா தன் பெயரை எழுதுவார். அம்மாவுக்கு அதுவும் வராது. பஸ் நம்பர்களைப் படம் போலப் பார்த்து வைத்திருப்பார். நான் பொலிடெக்னிக்கில் இரசாயனவியல் படிக்கிறேன் என்பது அம்மா வேலை செய்யும் சான்ட்விச் தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு வீட்டில் கிடைத்த சுதந்திரம் எல்லாம் அந்தப் பெருமையில் இருந்து வந்ததுதான். செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் தனியாக மனோர் பார்க்குக்குப் போய்வருவதும் அப்படிக் கிடைத்தது. பாட்டுப் பதிவுக்குப் போறன் என்று சொல்லிவிட்டுப் போனேன். இப்போது கசெற் வந்துவிட்டது. அதில் நான் இல்லை. அப்படியென்றால் அத்தனை செவ்வாய்க்கிழமையும் இவள் எங்கே போனாள்?

அம்மா இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் அடுத்த முறை நான் கோட்டை எடுத்தபோது, "எங்கை வெளிக்கிடுறாய்?" என்றார். அதுவரை அவர் கேட்டதே இல்லாத கேள்வி அது.

கசெற்றின் கதை இது. எண்பதுகள் முடியப்போகும் இந்த வருசங்களில் எங்கள் பக்கத்துத் தமிழர்கள் சேர்ந்து ஒரு சிறிய கலைக் கழகம் நடத்துகிறார்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு வாத்தியார் ஒருவர் ஆர்ச்வேயில் மலை ஏறிப் போகும் சாலையையும் அங்குள்ள முருகனையும் வைத்துப் பாட்டுகள் எழுதியிருந்தார். கோயில் திருவிழாவுக்கு முன்னர் அவற்றைக் கசெற்றாக்கி விடவேண்டும் என்று கழகம் முடிவுசெய்தது. என் குரலை ஒரு கலியாண வீட்டில் கேட்ட யாரோ சொல்ல, என்னையும் கூப்பிட்டார்கள். "சேவற்கொடி அசையுது சின்ன மலைச் சாலையிலே" என்று தொடங்கும் பாட்டில் பல்லவி எனக்கு. சரணங்கள் கழகத் தலைவரின் மனைவிக்கு. அவரை எல்லோரும் அன்ரி என்பார்கள். நானும் அப்படியே சொன்னேன்.

பதிவு நடந்தது மனோர் பார்க்கில் ஒரு வரிசை வீட்டின் மேல்மாடிப் பின்னறையில். வீட்டுக்காரர் பகலில் பெற்றோல் ஸ்ரேசனில் நிற்பவர், பின்னேரங்களில் பதிவுக்காரர். நான் அவரை அண்ணை என்பேன். சுவர் எல்லாம் குளிர்காலப் போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தார். பதிவு தொடங்கமுன் கீழே போய்க் குளிர்சாதனப் பெட்டியை நிறுத்திவிட்டு வருவார். பல நாள் அதைத் திரும்பப் போட மறந்து மனைவியிடம் ஏச்சு வாங்குவார். வீட்டுக்குப் பின்னால் ரெயில்பாதை. "பொறுங்கோ, பொறுங்கோ, வருது," என்று கையைத் தூக்குவார். ரெயில் போய் முடியும்வரை எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்போம். மேசையில் ஒரு ரொட்டிப் பெட்டி அளவான சாம்பல் நிற மெசின். அதில் போடுவது சாதாரணக் கசெற்தான். ஆனால் அந்தச் சின்ன நாடாவில் நான்கு ட்ராக்குகள், அதாவது ஒன்றோடொன்று முட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் நான்கு பாதைகள், தனித்தனியாகப் பதியலாம்.

முதல் நாளே அன்ரி எனக்குத் தேநீர் தந்து, பக்கத்தில் இருத்தி, அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"பிள்ளை ஊரில எவடம்?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அது தெரியும். ஊருக்குள்ள எவடம்? பள்ளிக்கூடத்தடியோ, அங்கால கடற்கரைப் பக்கமோ?"

யாழ்ப்பாணத்தார் இதைக் கேட்டால் வழி கேட்கிறார்கள் என்று நினைக்கும் ஆள் இல்லை நான். பதிலில் இருந்து ஒருவர் எந்தச் சனம், எந்தச் சாதி என்று கணக்குப் பார்த்துவிடுவார்கள். நான் மறைக்கவும் இல்லை. எங்கள் வீடு இருந்த சின்னத் தெரு, அந்த ஒழுங்கையின் பெயரை முழுதாக, சத்தமாகச் சொன்னேன். அன்ரி, "ஓ, அங்கையோ," என்றார். சிரிப்பு மாறவில்லை. பிஸ்கட் தட்டை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினார். அந்தத் தள்ளலைப் பற்றி எவ்வளவோ நாள் யோசித்திருக்கிறேன். மனம் மாறாதவர் செய்ததா, மாறியதை மறைக்கச் செய்ததா?

பாட்டைப் பதிந்த நாளில் ஆர்மோனியமும் மிருதங்கமும் முதலில் ஒரே ட்ராக்கில் சேர்த்துப் பதியப்பட்டன. அண்ணை அடுத்து யார் என்று பார்த்தபோது அன்ரி எனக்காகப் பேசினார்.

"இந்தப் பிள்ளையை முதல்ல பாட விடுங்கோ. பார்க்கிங்குக்குப் போகவேணும், பாவம். பஸ்ஸை விட்டிட்டா குளிருக்குள்ள நிக்கவேணும்."

நான் நன்றி சொன்னேன். பாடினேன். மூன்றாவது ட்ராக்கில் தாளம் போட்டார்கள். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். பிறகு புல்லாங்குழலும் தம்புராவும் வந்ததும், எல்லாவற்றுக்கும் கடைசியாக அன்ரி பாடியதும் நான் காணாதவை.

அம்மாவின் கேள்விக்குப் பிறகு நேரே அண்ணையிடம் போனேன். அவர் மெசினில் நாடா உரசி ஓடும் தலைகளைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, என்ர ட்ராக்கை மட்டும் கொஞ்சம் கூட்டி இன்னொரு கசெற் அடிச்சுத் தாங்கோவன். அம்மாவுக்குத்தான்."

"ஏலாது தங்கச்சி. பவுன்ஸ் பண்ணியாச்சு."

"அப்பிடியெண்டா?"

"நாலு ட்ராக்தானே இருக்கு. எங்களுக்கு வேணும் ஆறு. அப்ப மூண்டைப் பதிஞ்சு, அந்த மூண்டையும் சேத்து நாலாவதுக்கு மாத்திறது. பிறகு மூண்டையும் அழிச்சுப்போட்டு அதில புதுசாப் பதியிறது. அதுதான் பவுன்ஸ்."

"அழிச்சுப்போட்டோ?"

"உள்ளுக்குள்ள இருக்குத் தங்கச்சி, எங்கையும் போகேல்லை. நண்டு போட்டுக் கூழ் காய்ச்சிற மாதிரி. காய்ச்சினாப் பிறகு நண்டைக் கரண்டியால எடுக்கலாம். புளியை எடுக்கேலுமோ?"

"அப்ப நான் புளியோ?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "புளி இல்லாட்டிக் கூழ் இல்லையே!"

சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. வாய்க்கு ருசியான ஓர் உவமையைத் தந்து கேட்க வந்தவளை அனுப்பிவிடுவது எல்லா அலுவலகத்திலும் நடப்பதுதான். பவுன்ஸ் என்ற சொல்லையே நான் நம்பவில்லை. கணக்குத் தெரியாதவருக்குக் கணக்கர் சொல்லும் சொல் போல, வாகனம் தெரியாதவருக்கு கராஜ்காரர் சொல்லும் சொல் போல அது எனக்குப் பட்டது. அப்பாவை எத்தனை பேர் இப்படிப் பேசியே அனுப்பியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நான் அப்பா இல்லை, நான் படித்தவள். என் குரலை யாரோ அழித்திருக்கிறார்கள், அதற்கு ஒரு மெசினைச் சாட்டுகிறார்கள் என்று முடிவே செய்துவிட்டேன். யார் சொல்லி அழித்தார்கள் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஒழுங்கையின் பெயரைக் கேட்டவர் ஒருவர்தானே.

முடிவு செய்தாலும், நிரூபிக்காமல் பேசக்கூடாது என்ற பழக்கம் ஆய்வுகூடத்தில் எனக்குப் பழகியிருந்தது. பொலிடெக்னிக்கில் ஊடகத்துறைக்கு ஒரு சிறிய ஒலிப்பதிவு அறை இருந்தது. எந்த மாணவரும் முன்பதிவு செய்து பாவிக்கலாம் என்று கதவில் எழுதியிருந்தார்கள். இரசாயனவியல் மாணவிக்கு இதில் என்ன வேலை என்று அங்கிருந்த வெள்ளைக்காரர் புருவத்தைத் தூக்கினார். எந்த மாணவரும் என்று எழுதியிருப்பதை அவருக்குக் காட்டினேன். உள்ளே அண்ணையிடம் இருந்ததைப் போலவே நான்கு ட்ராக் மெசின் ஒன்று. பக்கத்தில் அதன் கையேடு. ஓரிடம் விடாமல் வாசித்தேன்.

பிறகு பரிசோதனை. ஒரே ஒரு விடயத்தை மாற்று, மற்றதை அப்படியே விடு என்பதுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தது. முதல் ட்ராக்கில் என் பல்லவியைப் பாடினேன். இரண்டாவதில் மேசையில் தாளம் தட்டினேன். மூன்றாவதில் தம்புராவுக்குப் பதிலாக ஆவென்று ஒரே சுருதியில் இழுத்தேன். மூன்றையும் நாலாவதற்கு மாற்றினேன். மாற்றும்போது ஒவ்வொரு ட்ராக்கின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கத் தள்ளும் குமிழை நான்தான் வைக்கவேண்டும். எது கூட, எது குறைய என்பது அந்த நேரத்தில் எடுக்கும் முடிவு. என் குரலை வேண்டுமென்றே கொஞ்சம் குறைத்தேன். பிறகு மற்ற மூன்று ட்ராக்கிலும் வேறு சத்தங்களைப் பதிந்தேன். இப்போது என் பல்லவியைத் தனியே கூட்டப் பார்த்தேன். நாலாவது குமிழை மேலே தள்ளினால் நான் மட்டும் ஏறவில்லை. தாளமும் சுருதியும் என்னோடு சேர்ந்தே ஏறின. தாளத்தை விட்டு என்னைப் பிரிக்க அந்த மெசினில் எந்தக் குமிழும் இல்லை. நான் உள்ளேதான் இருந்தேன். வெளியே வர வழியில்லை.

அது மட்டுமில்லை. ஒரு ட்ராக்கில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் கூர்மையான சத்தங்கள் முதலில் தேய்கின்றன, பின்னணியில் ஒரு ஸ்ஸ் என்ற இரைச்சல் ஏறுகிறது. "சேவற்கொடி", "சின்ன", "சாலையிலே" என்று என் அடி முழுக்கச் சகரம். ஒருமுறை பவுன்ஸ் செய்ததும் அந்தச் சகரங்கள் மழுங்கின. இன்னொரு முறை செய்தேன். அம்மா சொன்ன அலுமாரிச் சத்தம் அப்படியே வந்தது. கடைசியாக, பவுன்ஸ் எதுவும் இல்லாமல் அதே அடியை நேரே பாடினேன். கண்ணாடி போல இருந்தது.

அப்படியென்றால் அண்ணை பொய் சொல்லவில்லை. கூழ்க் கதை உண்மைதான். ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தேன். எனக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். வரவில்லை. மெசின் முதலில் பாடியவரைத் தேய்க்கிறது, கடைசியில் பாடியவரைக் காப்பாற்றுகிறது. சரி. ஆனால் யார் முதலில், யார் கடைசியில் என்று மெசினா சொன்னது? ஒரு குளிரையும் ஒரு பஸ்ஸையும் காட்டி என்னை முதலில் பாடவைத்தவர் அன்ரி. அவர் பாடிய சரணத்தில் ரெயில் சத்தம் அவ்வளவு தெளிவாகக் கேட்டதும் அதனால்தான்: ரெயில்கூடக் கடைசி ட்ராக்கில் ஏறியிருந்தது. இந்த நாட்டு ரெயிலுக்குக் கிடைத்த இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

அன்ரிக்கு இது தெரிந்திருந்ததா? அதுதான் இனிக் கேள்வி. மறுபடி அண்ணையிடம் போனபோது நான் மெதுவாகப் பேச்சைக் கொடுத்தேன்.

"அன்ரிக்கு இந்த மெசினைப் பற்றித் தெரியுமோ அண்ணை?"

"அவவுக்கோ! நாலஞ்சு கசெற் செய்தவ எல்லே. நான் மறந்தாலும் அவ மறக்கமாட்டா. தலை துடைச்சாச்சோ எண்டு கேக்கிறதே அவதான்."

"எல்லாத்திலயும் கடைசியாத்தான் பாடினவவோ?"

அண்ணை பஞ்சுக் குச்சியைக் கீழே வைத்தார். "அவ எப்பவும் கடைசிதான். அவவுக்குத் தொண்டை சூடேற நேரம் எடுக்கும் எண்டு சொல்லுவா." பிறகு என்னைப் பார்க்காமல், "நீர் என்ன, பொலிஸோ?" என்றார்.

பழைய கசெற்றுகளை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். பஸ்ஸின் மேல்தட்டில் உட்கார்ந்து வாக்மனைக் காதில் மாட்டிக் கேட்டேன். ஒவ்வொன்றிலும் அன்ரியின் குரல் முன்னால், பளிச்சென்று. ஒவ்வொன்றிலும் அவருக்குப் பின்னால் ஒரு பெண் அலுமாரிக்குள் நின்று பாடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு பெண். அந்தப் பெண்கள் ஒருவரும் இரண்டாவது கசெற்றில் வரவில்லை.

அதில் ஒரு குரல் என்னை நிறுத்தியது. மழுங்கிப் போயிருந்தாலும் அதன் கமகம் தெரிந்தது. என்னைவிட நல்ல பாட்டு. அது யார் என்று கேட்டபோது, "ஈஸ்ட் ஹாமில மருந்துக்கடையில நிக்கிற பிள்ளை," என்றார் அண்ணை. எனக்கு உடனே ஒரு கணக்கு ஓடியது: அவளும் எங்களைப் போன்ற ஒழுங்கைக்காரியாக இருப்பாள். அந்தக் கணக்கை மெய்யாக்கத்தான் போனேன் என்று இப்போது நினைக்கிறேன்.

மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை வாங்குவது போல வரிசையில் நின்றேன். வெள்ளைக் கோட்டுடன் என் வயதுப் பெண் ஒருத்தி. நான் கசெற்றைப் பற்றிச் சொன்னதும் அவள் முகம் மூடிக்கொண்டது.

"அது இப்ப என்னத்துக்கு?"

"முதல்ல பாடினனீரோ?"

"ஓம்."

"ஏன்?"

"பஸ்ஸுக்கு," என்றாள். சொன்ன கையோடு சிரித்துவிட்டாள். "நான் இருக்கிறது இந்தக் கடைக்கு மேல. இஞ்சையிருந்து மனோர் பார்க்குக்கு நடந்தே போவன். ஆனா அவ அப்பிடிக் கேக்கேக்குள்ள, ஓம் எனக்கு பஸ் இருக்கெண்டே எனக்கும் பட்டிட்டுது."

"ஊரில எவடம் எண்டு உம்மையும் கேட்டவவோ?"

"என்னை ஏன் கேப்பா? அவ எங்கட அம்மாவுக்கு ஒண்டுவிட்ட தங்கச்சி. ஊரில ரெண்டு வீடும் ஒரே வளவுக்குள்ள."

மாத்திரைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் கணக்கு அந்த இடத்திலேயே பிழைத்துவிட்டது. அன்ரி ஒழுங்கை பார்த்துக் குரலைப் புதைக்கவில்லை. தன்னைவிட நன்றாகப் பாடக்கூடிய எவளையும் புதைத்தார், சொந்த இரத்தத்தைக்கூட. இது எனக்கு ஆறுதலா, அவமானமா என்று இன்றுவரை தெரியாது. நான் தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவள்கூட இல்லை. ஆனால் அந்த "ஓ, அங்கையோ" என்ற ஓசையையும் நான் காதால் கேட்டேன். ஒரே ஆளுக்குள் இரண்டும் இருக்கலாம். எந்தச் சத்தம் எதனோடு கலந்தது என்று பிரிக்க எனக்கு வழியில்லை.

அடுத்த கசெற்றுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். அது எனக்கு ஆச்சரியம். ஒருவேளை நான் கேள்வி கேட்டுத் திரிவது அன்ரிக்குத் தெரிந்து, என்னைக் கிட்டவே வைத்திருக்க நினைத்தாரோ என்னவோ. போனேன். அண்ணை மைக்கை எடுக்கமுன் நான் சொன்னேன்.

"அண்ணை, வாத்தியம் எல்லாத்தையும் முதல்ல பதிஞ்சு அதை பவுன்ஸ் பண்ணுவம். குரல் ரெண்டையும் கடைசியா, ரெண்டு ட்ராக்கில தனித்தனிய விடுவம். ரெண்டுக்கும் பவுன்ஸ் தேவையில்லை."

அன்ரி தேநீர்க் கோப்பையை மெதுவாக வைத்தார். "உமக்கு ஆர் பிள்ளை இதெல்லாம் சொல்லித் தந்தது?"

"புத்தகத்தில வாசிச்சனான்."

"படிச்ச பிள்ளையெண்டு சொன்னவை. சரிதான்." அண்ணையிடம் திரும்பினார். "எப்பவும் செய்யிற மாதிரியே செய்வம் தம்பி. பிள்ளைக்கு பஸ் இருக்கெல்லே."

"இண்டைக்கு எனக்கு அவசரமில்லை அன்ரி. உங்களுக்கு அவசரமெண்டா நீங்கள் முதல்ல பாடுங்கோ."

"நான் கார்ல வந்தனான்."

"அப்ப ஒருத்தருக்கும் அவசரமில்லை."

மிருதங்கக்காரர் வாரை இறுக்குவது போலத் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே ரெயில் ஒன்று போனது. யாரும் பதிந்துகொண்டிருக்கவில்லை என்றாலும் எல்லோரும் அது முடியும்வரை பேசாமல் இருந்தோம். "அப்பிடியும் செய்யலாம்தான் அக்கா," என்றார் அண்ணை, மேசையைப் பார்த்து. அன்ரி தொண்டையைத் தடவினார். குளிர் பிடித்திருக்கிறதாம். வேறொரு நாள் பார்ப்போமாம், போன் பண்ணுவாராம். போகும்போது என் தோளில் தட்டி, "கெட்டிக்காரி," என்றார். அந்தத் தட்டலையும் பிஸ்கட் தட்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

போன் வரவில்லை. மருந்துக்கடைப் பெண்ணும் நானும் காத்திருக்கவும் இல்லை. பொலிடெக்னிக் அறையைச் சனிக்கிழமைக்குக் கேட்டு எடுத்தேன். வாத்தியாரிடம் அவருடைய புதுப் பாட்டு ஒன்றைக் கேட்டு வாங்கினோம். மிருதங்கக்காரர் தானாகவே வந்தார். ஏன் வந்தார் என்று அவரையும் கொஞ்சம் சந்தேகித்தேன், பிறகு விட்டுவிட்டேன். ஆர்மோனியம், மிருதங்கம், தாளம் மூன்றையும் பதிந்து நாலாவதற்கு பவுன்ஸ் செய்தோம். மழுங்கினால் அவை மழுங்கட்டும். ஆர்மோனியத்துக்குச் சகரம் இல்லை. வெறுமையான ட்ராக்கில் ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு.

அன்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் அன்ரி பஸ்ஸைக் காட்டி என்னை முதலில் பாடவைத்த கதையைச் சொன்னேன். அதற்குப் பிறகும், "இது பள்ளிக்கூடம்தானே? வேற இடம் இல்லையே?" என்று இரண்டு தரம் கேட்டார். அறைக்குள் வந்து கோட்டைக் கழற்றாமல் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பாடும்போது என் வாயைப் பார்த்தார், மெசினைப் பார்த்தார், மறுபடி வாயைப் பார்த்தார். பாடி முடிந்ததும் நாடாவை ஓட்டினேன். சிறிய ஸ்பீக்கரில் இரண்டு குரல்களும் வந்தன.

"இதில எது நீ?" என்றார் அம்மா.

"இந்தக் குமிழ் நான்."

அவர் எழும்பி வந்து, சுடுமோ என்று பார்ப்பவர் போல அதைத் தொட்டார். பிறகு கீழே இழுத்தார். நான் இல்லாமல் போனேன்; மற்றவள் தனியே பாடினாள். மேலே தள்ளினார். வந்தேன். மறுபடி இழுத்தார், மறுபடி தள்ளினார். ஏமாற்றுகிறார்களா என்று பார்ப்பதற்குத்தான் அந்த இரண்டாவது தடவை. பாட்டு முடியும்வரை கையை அதிலிருந்து எடுக்கவில்லை.

"ஓம். நீதான்," என்றார். குமிழை விட்டுவிட்டு, "அப்ப அண்டைக்கும் பாடினனிதான்."

"பாடினனான் அம்மா."

"பிறகேன் அந்த மனிசி பஸ்ஸைச் சொன்னவ? நாங்கள் பஸ்ஸில திரியாத சனமே? நீ நிண்டு போயிருக்கலாம்தானே."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா இதையே கேட்டுக்கொண்டு வந்தார். அவருடைய சந்தேகம் என்னிடம் இருந்து இறங்கி அன்ரியிடம் ஏறிவிட்டது. நான் அதைத் திருத்தப் போகவில்லை.

நேற்று அண்ணை போன் பண்ணினார். நாங்கள் பதிந்த கதை மனோர் பார்க் முழுக்கப் போயிருக்கிறது.

"நல்லா வந்திருக்காம் தங்கச்சி. அந்தக் கசெற்றைக் கொண்டு வாங்கோவன். கழகத்தின்ர கசெற்றில அதையும் சேப்பம். அக்கா பின்னணிக்குச் சும்மா ரெண்டு அடி பாடுறாவாம். இருக்கிறதைச் சேத்து ஒரு ட்ராக்குக்கு மாத்தினாச் சரி. ஒரேயொரு பவுன்ஸ்தான்."

அவர் குரலில் சூது ஒன்றும் இல்லை. அவரிடம் எப்போதும் இருந்ததில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன். மெசினைப் போலவே அவரும், கொடுக்கும் ஒழுங்கில் வேலை செய்பவர். "பாப்பம் அண்ணை," என்றேன்.

பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை. பாடிய அன்றே கசெற்றின் முதுகில் இருக்கும் இரண்டு சிறிய பிளாஸ்ரிக் துண்டுகளையும் கத்தி நுனியால் உடைத்துவிட்டேன். அவை இல்லாவிட்டால் அந்த நாடாவில் மேலே எதுவும் பதிய முடியாது. ஓட்டையில் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டினால் பதியலாம் என்பதும் எனக்குத் தெரியும். அண்ணைக்கும் தெரியும், அன்ரிக்கும் தெரியாமல் இருக்காது. அதனால் கசெற்றை அம்மாவின் சேலை அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். அதன் திறப்பு அம்மாவின் சாவிக்கொத்தில்.